சீசனுக்கு வருகிறவர்கள்

1

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பதி போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்த கையோடு கீழே இறங்கி வந்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் ஈரோடு, அவள் திருச்சி. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. நான் இத்தாலியில் கடலோர ஊரில் இருக்கிறவள், ஏப்ரலில் வந்து மே கடைசியில் போய்விடுகிறவள் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி.

"ஆன்ட்டி, மெடிட்டரேனியன் பக்கம் ஒரு ட்ரிப் போலாம்னு இருக்கோம். நெட்ல பாத்தா ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு எழுதியிருக்கான். எந்த சீசன் பெஸ்ட்டுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"எதுக்குப் போறீங்க? குளிக்கவா, பாக்கவா, இல்ல ரெண்டு பேரும் சும்மா உக்காந்துட்டு வரவா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "மூணும்தான் ஆன்ட்டி."

"அப்ப செப்டம்பர்."

ஒரே சொல். வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். கேட்டது அவ்வளவுதான், கிடைத்ததும் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லை நான் ஒரு காலத்தில் தெருத் தெருவாகப் போய் விசாரித்து வாங்கியவள். வாங்கி, அதை உபயோகிக்கக் கொடுத்துவைக்காதவள். அந்தக் கதையைச் சொல்லாமல் செப்டம்பரை மட்டும் சொன்னது, குழம்பை விட்டுவிட்டுக் கறிவேப்பிலையைப் பரிமாறியது மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

2

லிங்கராஜபுரத்தில் சீசன் என்றால் வேறு அர்த்தம்.

பெங்களூர்க்காரர்களுக்கு வெயில் என்றால் ஃபேன் போடுகிற அளவு வெயில். குளிர் என்றால் குரங்குக் குல்லா போடுகிற அளவு குளிர். நடுவில் இருக்கிற இரண்டு விரல் அகலத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். 'நல்ல காலம் பார்த்து எங்காவது போய் வரலாம்' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள்தான் எங்களிடம் வருவார்கள். வேலூரில் கத்திரி வெயில் பிடித்ததும் ஆம்பூரும் சேர்ந்து கிளம்பும். காலை ரயிலில் பலாப்பழமும் பிள்ளைகளும் மூட்டைகளுமாக வந்து இறங்கி, ஆட்டோவுக்குள் அடைந்து, எங்கள் வீட்டு வாசலில் உதிர்வார்கள். அதுதான் சீசன். "சீசன் ஆரம்பிச்சிடுச்சு, அரிசி வாங்கிப் போடு" என்பார்கள். "சீசன்ல யாராச்சும் சண்ட போடுவாங்களா? சீசன் முடியட்டும்" என்பார்கள்.

என் வீட்டுக்காரரின் அக்கா ரீட்டா எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சீசனுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார்.

"வந்தவங்களுக்கு ஜன்னல் ஓரம், வூட்டாளுங்களுக்கு வாசப்படி ஓரம்." இது பாய் போடும்போது.

"வந்தவங்க மொத பந்தி, வூட்டாளுங்க கடசிப் பந்தி." இது சோறு போடும்போது.

கடைசிப் பந்தியில் குழம்பு அடிவண்டலாக இருக்கும், கறித்துண்டு இருக்காது. ஆனால் அடுப்படியில் சம்மணம் போட்டு, ஒரே குண்டானில் எல்லாருமாகக் கைவிட்டு, வந்தவர்களைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே சாப்பிடுவதில் ஒரு ருசி இருந்தது. அதை ருசி என்று அப்போது எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்றில் என் வீட்டுக்காரர் அந்தோணி வேலை பார்த்த வெல்டிங் பட்டறை மூடிவிட்டது. எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஆறு வயது. தெரிந்த கன்னியர் மடத்தின் வழியாக இத்தாலியில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. கிளம்புகிற வாரம், அங்கே இருக்கும் ஒரு சகோதரி போனில் பேசினார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு அதிலும் பாதி. "ஜூலை, கால்தோ, வெரி கால்தோ!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஏய், ஒரே கோல்டாம்பா அங்க," என்றேன் வீட்டில்.

ரீட்டாக்கா தெருவெல்லாம் சொல்லி ஸ்வெட்டர் சேர்த்தார். கம்பளி, சால்வை, அந்தோணியின் குரங்குக் குல்லா எல்லாம் பெட்டிக்குள் போயின. ஜூலை மாத நடுப்பகலில் அந்தக் கடலோர ஸ்டேஷனில் நான் ஸ்வெட்டரோடு இறங்கினேன். தண்டவாளம் கானல் விட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட வந்தவர்கள் அரை டிராயரில் நின்றார்கள்.

இத்தாலியில் 'கால்தோ' என்றால் சூடு.

3

நான் இருப்பது ஜெனோவாவுக்கு மேற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவை எல்லாரும் சிஞ்ஞோரா என்பார்கள். நம்மூர் 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். வீட்டின் கீழ்த்தளத்தை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். சிஞ்ஞோராவைக் கவனிப்பது, கீழ்த்தளத்தைத் துடைப்பது, படுக்கை விரிப்பு துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவது இவைதான் என் வேலை. கடல் எனக்கு முதலில் அறிமுகமானது இரண்டு ஈரத் துப்பட்டிகளுக்கு நடுவில் தெரிந்த நீலக் கோடாகத்தான்.

ஊரைப் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் பொன் மாதிரி இருக்கும், மலையெல்லாம் பூ. ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு கூசும். ஜூனில் தண்ணீரும் இளகும், கூட்டமும் அளவோடு இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் நாட்டுக்கே லீவு; மணலில் துண்டு விரிக்க இடம் இருக்காது, எல்லா விலையும் ஏறி உட்கார்ந்திருக்கும், நமக்கே வேர்த்து ஊற்றும். செப்டம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் கூட்டம் வடிந்துவிடும். கடல் மட்டும் சூடாகவே இருக்கும். இதற்கு சிஞ்ஞோரா ஒரு சொல் வைத்திருந்தார்: "செப்டம்பர் கடல் கிழவி மாதிரி. சூடாக நாள் பிடிக்கும், ஆறவும் நாள் பிடிக்கும்." அக்டோபர் சூதாட்டம். ஒரு வருஷம் தங்கம், ஒரு வருஷம் தண்ணீர். நவம்பர் மழை மலையையே கரைத்துக்கொண்டு வரும். அப்புறம் மார்ச் வரை எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கி, ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும்.

ஊர் தூங்கும்போதுதான் எனக்கு லீவு. அதனால் நான் பெங்களூர் வந்ததெல்லாம் ஜனவரியில். ஜெனிக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். காலையில் யூனிஃபார்மில் போவாள், சாயங்காலம் டியூஷன் முடித்து வந்து தூங்கிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவள் ஓரங்குலம் உயர்ந்திருப்பாள், பேச்சு ஓரங்குலம் குறைந்திருக்கும்.

4

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் மெயின் ரோட்டு ஐ.எஸ்.டி. பூத்துக்கு வருவார்கள். நான் கூப்பிடுவேன். ஜெனி சின்னவளாக இருந்தபோது ரிசீவரைப் பிடுங்கிப் பேசுவாள். பெரியவள் ஆனதும், "ம்ம்... சாப்ட்டேன் மம்மி. படிக்கிறேன் மம்மி. இந்தா அத்தை பேசணுமாம்," என்று கை மாற்றிவிடுவாள்.

அவள் பத்தாவது முடித்த வருஷம் அந்தோணி சொன்னார்: "ஸ்டெல்லா, பதினெட்டு தாண்டிட்டா உன்கூட சேந்து இருக்க பேப்பர் வாங்குறது பேஜாரு. அதுக்குள்ள முடிவு பண்ணு. ஆனா ஒண்ணு, மொதல்ல ஒரு லீவுக்கு வந்து ஊரப் பாக்கட்டும். புடிச்சா இருக்கட்டும். புடிக்கலன்னா வந்துடட்டும். கட்டாயம் பண்ணாத."

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அது பெண் பார்க்க வருகிற கதையாகப் பட்டது. ஊர்தான் பெண். என் மகள் மாப்பிள்ளை வீட்டுக்காரி. ஒரு தடவை பார்ப்பாள், பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்வாள். அப்படியானால் ஊர் எந்த மாதத்தில் அழகாக இருக்கும்? நான் மீன் கடைக்காரரைக் கேட்டேன், ஜூன் என்றார். பஸ் டிரைவரைக் கேட்டேன். "ஆகஸ்ட், வாணவேடிக்கை இருக்கும், சின்னப் பெண்ணுக்குப் பிடிக்கும்" என்றார். கோயில் பெருக்கும் அம்மா செப்டம்பர் என்றார். சிஞ்ஞோராவும் செப்டம்பர் என்றார். பருவத்தே பயிர் செய் என்று படித்தவள் நான். மகளை நடுவதற்குப் பருவம் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில், பத்தாவது பரீட்சை முடிந்த ஏப்ரல், மே மாதங்களிலேயே வரச் சொல்லிப் பார்த்தேன். பூத்தில் இருந்து அவள் குரல் அதிர்ச்சியாக வந்தது.

"ஏப்ரல்லயா? சீசன்ல எப்டி மம்மி வூட்ட வுட்டு வர்றது? வேலூர்ல இருந்து எல்லாம் வருவாங்களே!"

அவள் வீட்டாள். வருகிறவர்களை விட்டுவிட்டு வீட்டாள் எப்படி வெளியே போவாள்?

ஜூலை, ஆகஸ்டில் எனக்கு நிமிர நேரம் இருக்காது. பத்தாவது முடிந்தாலே எங்கள் ஊரில் காலேஜ்; செப்டம்பரில் அங்கே அவளுக்கு லீவு தரமாட்டார்கள். மிச்சம் இருந்தது தசரா லீவு. அக்டோபர். தங்கமோ தண்ணீரோ பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தேன். விசாவுக்கு அந்தோணி அலைந்தார். இந்த ஜன்னலில் இருப்பவர் அந்த ஜன்னலுக்குப் போகச் சொல்வார், அந்த ஜன்னலில் இருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். கடைசியில் முத்திரை விழுந்தபோது தசரா முடிந்தே போயிருந்தது. காலேஜில் கெஞ்சி லீவு வாங்கி, அக்டோபர் கடைசியில் ஜெனி வந்தாள்.

5

தண்ணீர்தான் வந்தது.

நான் ஸ்டேஷனில் குடை பிடித்து நின்றேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு இறங்கினாள். ரீட்டாக்கா வேலை என்று பார்த்ததும் தெரிந்தது. பையில் எள்ளுப்பொடி, இஞ்சி மரப்பா, நீலகிரித் தைலம்.

"அத்தை கால்தோ கதைய சொல்லி சொல்லி சிரிச்சாங்க மம்மி. ஆனா இந்தவாட்டி நெஜமாவே கோல்டுதானே?"

"நெஜமாவே கோல்டுதான்."

கடலோர சாலையில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. குடைகளையும் சாய்வு நாற்காலிகளையும் கட்டி உள்ளே போட்டிருந்தார்கள். மலையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டைகள் மணலெல்லாம் கிடந்தன.

"கடல் எங்க மம்மி?"

"அதோ."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுவா? அல்சூர் ஏரி மாதிரி இருக்கு."

வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வேறு என்னவாவது ஆகியிருக்கும். நான் அலங்காரம் செய்து காட்ட நினைத்த பெண், தலை வாராமல் அழுக்குப் பாவாடையோடு வந்து நின்றுவிட்டாள்.

அன்று குளிக்கப் போனாள். நான் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா பக்கத்தில் பீன்ஸ் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய வீடுகளில் குழாய்க்கு எழுத்து போட்டிருப்பார்கள். 'C' என்றால் கால்தோ, வெந்நீர். 'F' என்றால் ஃப்ரெத்தோ, பச்சைத் தண்ணீர். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என் மகள் 'C' என்பதை கோல்டு என்று நினைத்து முழுசாகத் திறந்து கையை நீட்டியிருக்கிறாள். அந்த வீட்டு பாய்லர் கொதிக்கக் கொதிக்க ஊற்றும்.

உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"அத்தே!"

உலகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அடிபட்டால் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். வயசானவர்கள்கூட, பெற்றவள் செத்து ஐம்பது வருஷம் ஆனவர்கள்கூட, கால் இடறினால் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். யோசித்துச் சொல்வதில்லை, வலிக்கிற இடத்திலிருந்து அதுவே வரும். என் மகளுக்கு அந்த இடத்திலிருந்து வேறு சொல் வந்தது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

ஓடினேன். சிவந்த கையைப் பிடித்து 'F' குழாயின் கீழே வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிக்கவும் பார்த்தாள்.

"எஃப்னா ஃபயராக்கும்னு நெனச்சேன் மம்மி."

"தப்பு உன்மேல இல்லடி," என்றேன். "நானும் அதே ஸ்வெட்டர்ல வந்து எறங்குனவதான்."

கை ஆறுகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேரம் அந்தக் கையை நான் பிடித்ததே இல்லை. சிஞ்ஞோரா வாசலில் வந்து நின்று, "அத்தே என்றால் என்ன?" என்று கேட்டார். அவர் அகராதியில் ஒரு சொல் கூட்டிக்கொள்ளும் ஆசை.

"அப்பாவின் அக்கா," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பீன்ஸிடம் திரும்பிப் போய்விட்டார்.

6

சீசன் இல்லாததால் எனக்கு வேலை குறைவு. மழை விடாததால் போக இடமும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சமையலறையிலேயே கிடந்தோம். ஜெனி சிஞ்ஞோராவுக்கு எள்ளுப்பொடியும் இட்லியும் ஊட்டினாள். அவர் காரத்தில் கண் கலங்கி, "கால்தோ, கால்தோ!" என்று விசிறிக்கொண்டார். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பே புதுசு. ரீட்டாக்காவின் சிரிப்பு அது. மூக்கைச் சுருக்கி, தோளைக் குலுக்கி, அப்படியே.

நவம்பரில் அங்கே ஓர் அதிசயம் உண்டு. புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி மழை விட்டு நாலு நாள் வெயில் அடிக்கும். அதை மார்ட்டின் கோடை என்பார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையைக் கிழித்துப் பாதி கொடுத்தார் அல்லவா அந்தப் புனிதர், அதற்குக் கடவுள் கொடுத்த கோடையாம். ஜெனி திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கோடை வந்தது. ஷட்டருக்கு வெளியே எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கடல் நீலமாகிவிட்டிருந்தது.

"சக்கத்தா இருக்கு மம்மி!" என்று பெங்களூர்ப் பாஷையில் மெச்சிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். தண்ணீரில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஏய், ஸ்வல்ப சூடாவே இருக்கு!"

கிழவி இன்னும் முழுசாக ஆறவில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் இறங்கினேன். கேட்டுவிட்டேன்.

"இருந்துடறியா ஜெனி? என்கூட?"

காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்ல ஊரு மம்மி. சிஞ்ஞோரா நல்லவங்க. நீ இங்க எப்டி இருக்கன்னு இப்பதான் தெரிஞ்சது. நான் நெனச்சுனு இருந்தது வேற. ஆனா அத்தைய வுட்டுட்டு எப்டி மம்மி?"

"ம்ம்."

"நீ ஒண்ணு பண்ணு. எப்பப் பாத்தாலும் ஜனவரில வர்ற, நான் இருக்கவே மாட்டேன். சீசனுக்கு வாயேன். எல்லாரும் இருப்பாங்க. சக்கத்தா இருக்கும். உனக்கு ஜன்னல் ஓரம் பாய் போடச் சொல்றேன் அத்தைகிட்ட."

அன்போடுதான் சொன்னாள். தன்னிடம் இருக்கிறதில் நல்ல இடத்தைத்தான் எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பது அந்த வீட்டுச் சட்டம் தெரிந்த எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை யோசித்து அவள் சொல்லவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்தவள்தான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"சரிடி, வரேன்," என்றேன்.

7

திரும்பி வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் இல்லை. இந்த மாடி வீடு அந்தக் கடலில் இருந்து வந்தது. சிஞ்ஞோராவுக்கு இப்போது நான் யார் என்பதே சில நாள் மறந்துவிடுகிறது, ஆனால் என் கைப்பிடி மறக்கவில்லை. அவரை விட்டுவிட்டு வர எனக்கு வாய் வரவில்லை. அவர் மகளிடம் சண்டை போட்டு ஏப்ரல், மே இரண்டு மாதமும் லீவு வாங்கிக்கொண்டேன். அங்கே மலையெல்லாம் பூக்கிற நேரம் நான் இங்கே இருக்கிறேன்.

முதல் வருஷம் வந்து இறங்கியபோது ஜெனி சொன்ன மாதிரியே ரீட்டாக்கா ஜன்னல் ஓரம் பாய் போட்டிருந்தார். வேலூர் சின்னம்மாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்தில். சோறு போடும்போது, "ஸ்டெல்லா, நீ குந்து. எவ்ளோ தொலைவுல இருந்து வந்துக்கீற," என்று முதல் பந்தியில் உட்கார வைத்தார். கறித்துண்டு பார்த்துப் பார்த்துப் போட்டார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பிள்ளையைப் பிள்ளையாக வளர்த்தவர். நான் குனிந்து சாப்பிட்டேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் இரண்டு மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போனேன். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷமும்.

இந்த வருஷம் ரீட்டாக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை செய்கிறார். அடுப்படி ஜெனி கைக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பாள். மாடிப் பிள்ளைகள் செப்டம்பரை வாங்கிக்கொண்டு போனார்களே, அன்று மத்தியானம்தான். ஆம்பூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. பழக்கம் போல நானும் முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

அடுப்படியில் இருந்து ஜெனி எட்டிப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை, இடுப்பில் சொருகிய துப்பட்டா.

"மம்மி! நீ இன்னாத்துக்கு அங்க போய் குந்திக்கின? இங்க ஆள் இல்லாம நான் ஒருத்தியே சாவறேன். எந்திரிச்சு வா, இந்தத் தட்டெல்லாம் யாரு கழுவுறது?"

ஆம்பூர்க்கார அம்மா ஒருத்தர் பதறிவிட்டார். "ஐய, பாவம், வெளிநாட்ல இருந்து வந்தவங்கள..."

"வந்தவங்களா? அவங்க எங்க வூட்டாளு ஆன்ட்டி. நீங்க சாப்புடுங்க."

நாற்காலியில் இருந்த ரீட்டாக்கா என் இலையை மடித்து எடுத்துவிடச் சொல்லிக் கண்ணால் காட்டினார்.

எழுந்து உள்ளே போனேன். தொட்டியில் காலைப் பலகாரத் தட்டு மலைபோல் கிடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தேன். எங்கள் வீட்டில் ஒரே குழாய். அதில் எழுத்தெல்லாம் கிடையாது.